உபகாரச் சம்பளம்

பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரியிற் புகும் மாணவனுக்கு, அவனுடைய தகுதியை முன்னிட்டு அளிக்கப்படும் பொருளை இன்று நாம் 'உதவித்தொகை' என்கிறோம். சென்னை மாகாணத்தில் முன்னாளில் அதற்கு வழங்கிய பெயர் 'உபகாரச் சம்பளம்' என்பது. இச்சொல்லைச் சற்று நின்று நோக்கினால் வேடிக்கையாக இருக்கும். உபகாரம் என்பது கைம்மாறு கருதாமற் செய்யும் உதவி. சம்பளம் என்பதோ செய்த வேலைக்குப் பெறும் ஊதியம். உபகாரமாயின் அது சம்பளம் ஆகாது. சம்பளமாயின் அது உபகாரம் ஆகாது. இந்த முரண்பாட்டைப் பற்றி நம் முன்னோர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இரண்டையும் ஒட்டிச் சேர்த்து ஒரே சொல்லாக்கி, அரை நூற்றாண்டுக்கு மேல் வழங்கி வந்தனர்.

தமிழகத்துக்கு வெளியே வாழும் நேயர்கள் வேறு சொற்களையும் அறிவார்கள். வங்காளியர் இதனைப் 'பிருத்தி' என்பர். மராட்டியர் 'சிஷ்யவிருத்தி' என்பர். இந்தி பேசுவோர் 'சாத்ரவிருத்தி' என்பர். இங்கே விருத்தி என்பது நாம் தமிழில் வளர்ச்சி என்னும் பொருளில் வழங்கும் விருத்தி அன்று. பிழைப்பு, சீவனம் என்று பொருள்படும் வேறொரு வடசொல். மாணவன் உண்டு உயிர்வாழ்ந்து படிப்பதற்கு வேண்டிய பொருள் என்பதே அதன் கருத்து. நம்முடைய பழஞ்சொல் மட்டுந்தான் அதற்கு அப்பாலும் சென்று, மாணவன் அந்தப் பொருளுக்காக எதையோ திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதைக் குறிப்பாக உணர்த்துகிறது. என்ன கொடுத்தான்? அவனிடம் என்ன கேட்டார்கள்? இந்தக் கேள்வியைக் கையிற் பிடித்துக்கொண்டு நம் நாட்டு உபகாரச் சம்பளங்களின் வரலாற்றில் சிறிது தூரம் நடந்து பார்க்கலாம்.

இன்று நாம் காணும் முறை, 1854-இல் சர் சார்ல்ஸ் உட் இலண்டனிலிருந்து அனுப்பிய கல்வித் தாக்கீதில் தொடங்குகிறது. கீழ்ப்பள்ளியையும் மேற்பள்ளியையும், மேற்பள்ளியையும் கல்லூரியையும் இணைக்கும் ஏணிப்படிகளாக உபகாரச் சம்பளங்கள் இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் அதில் இருந்தது. 1857-ஆம் ஆண்டு கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. எழுந்தன என்றாலும் அவற்றில் வகுப்பறையைத் தேடினால் அகப்படாது. இலண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்ட அவை தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் சபைகளே. கற்பித்தல் முழுவதும் இணைப்புக் கல்லூரிகளின் வேலை. ஆகவே பல்கலைக்கழகம் என்பது மாணவனுக்கு முதன்முதல் ஒரு தேர்வாகவே காட்சியளித்தது. அதன் வாயிற்கதவு மெட்ரிகுலேஷன் தேர்வு. கல்கத்தாவில் அதனை 'என்ட்ரன்ஸ்' என்றார்கள். கதவு எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு ஒன்று சொல்லலாம்: 1858-இல் கல்கத்தாவில் நடந்த முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர் பங்கிம் சந்திரரும் யதுநாத் போஸும் ஆகிய இருவரே.

அந்நாளில் உபகாரச் சம்பளம் பெறுவதற்கு வேண்டிய முதற் பணி, தேர்வில் முந்தி நிற்றல். பம்பாயில் ஜகந்நாத சங்கர்சேட் என்ற பெருமகனாரின் நினைவாக, மெட்ரிகுலேஷனில் சமஸ்கிருதத்தில் முதன்மை பெறுவோர்க்கு ஓர் உபகாரச் சம்பளம் ஏற்பட்டது. 1912-இல் அதனை வென்ற மாணவர் சிந்தாமணி துவாரகாநாத் தேஷ்முக். பின்னாளில் ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய கவர்னராகவும், நாட்டின் நிதியமைச்சராகவும் விளங்கியவர் அவரே. இந்தச் சமஸ்கிருதப் பரிசை நேயர்கள் சற்று நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். பிறகு வேறோர் இடத்தில் இது நமக்கு வேண்டியிருக்கும்.

பம்பாயில் வாழும் நம்மவர்களுக்கு ராஜாபாய் கோபுரத்தைச் சொல்லித் தெரிவிக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழக வளாகத்தில் மணிக்கூண்டோடு நிமிர்ந்து நிற்கும் அக்கோபுரத்துக்குத் தம் அன்னையின் பெயரை இட்டவர் பிரேம்சந்த் ராய்சந்த் என்னும் பருத்தி வணிகர். 1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அந்நாட்டுப் பருத்தி இங்கிலாந்தின் ஆலைகளுக்குப் போய்ச் சேரவில்லை. இந்தியப் பருத்தி பொன் விலைக்கு விற்றது. அந்த வெள்ளத்தில் திரண்ட செல்வம் பிரேம்சந்தினுடையது. 1865-இல் போர் முடிந்ததும் விலை சரிந்து, பம்பாயின் செல்வர் பலரோடு அவரும் நிலைகுலைந்தார். ஆயினும் கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்கு அவர் அளித்த இரண்டு இலட்சம் ரூபாய் நிலைத்து நின்றது. 'பிரேம்சந்த் ராய்சந்த் ஸ்காலர்' என்னும் பட்டப்பெயர் வங்காளத்தின் அறிவுலகில் தலைசிறந்த விருதாக மதிக்கப்பெற்றது. குஜராத்தி வணிகர் ஒருவரின் பருத்திப் பணம் வங்காள மாணவர்களின் கைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது பாருங்கள்!

கடல் கடக்கும் உபகாரச் சம்பளங்களில் முற்பட்டது கில்கிறைஸ்ட் நிதி. கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் ஆங்கிலேய உத்தியோகஸ்தர்களுக்கு இந்துஸ்தானி கற்பித்த ஜான் கில்கிறைஸ்ட் என்பவர் விட்டுச் சென்ற சொத்து அதற்கு மூலம். இந்திய இளைஞர்கள் போட்டித் தேர்வு எழுதி வென்றால் பிரிட்டனிற் சென்று பயிலலாம். ஆனால் குறைந்தது நான்கு மொழிகளிற் புலமை காட்ட வேண்டும். குல்னா மாவட்டத்து ராருளி கிராமத்தில், நொடித்துப்போன ஜமீன்தார் குடும்பத்தில் 1861-இற் பிறந்த பிரபுல்ல சந்திர ராய் இத்தேர்வுக்கு ஏறக்குறைய மறைவாகவே படித்தார். கல்லூரிப் படிப்புக்கிடையே இலத்தீனும் பிரெஞ்சும் தாமாகக் கற்றார். முடிவு வந்தபோது இந்தியா முழுவதிலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இருவர். பம்பாயிலிருந்து ஒரு பார்ஸி இளைஞர், வங்காளத்திலிருந்து பிரபுல்லர்.

1882-இல் எடின்பரோவுக்குப் போன அவர் அங்கே செய்த காரியம் ஒன்று என்னை மிகவும் கவர்ந்தது. 1885-இல் அப்பல்கலைக்கழகத்தில் 'சிப்பாய்க் கலகத்துக்கு முன்னும் பின்னும் இந்தியா' என்னும் பொருள்பற்றி ஒரு கட்டுரைப் போட்டி அறிவித்தார்கள். இரசாயன மாணவரான பிரபுல்லர் சோதனைக் குழாய்களைச் சிறிது காலம் ஒதுக்கி வைத்துவிட்டு, நூலகத்திற் புகுந்து, பிரிட்டிஷ் ஆட்சியைக் கடுமையாகச் சாடும் கட்டுரை ஒன்றை எழுதி அனுப்பினார். பரிசு கிடைக்கவில்லை. அதற்காக அவர் வருந்தியதாகவும் தெரியவில்லை. கட்டுரையை அச்சிட்டே வெளியிட்டார். வேற்று நாட்டார் தந்த பொருளில் உண்டு படித்துக்கொண்டே அவர்களுடைய ஆட்சியைக் குறை சொல்வதற்கு ஒரு தனித் துணிவு வேண்டும். 1887-இல் டாக்டர் பட்டம் பெற்று மறு ஆண்டு நாடு திரும்பினார். கல்வித் துறையின் மேல்வகுப்புப் பணி பெரும்பாலும் ஐரோப்பியர்க்கே உரியதாக இருந்தமையால் அது அவருக்கு எட்டவில்லை; 1889-இல் மாநிலக் கல்லூரியில் மாதம் 250 ரூபாய்ச் சம்பளத்தில் அமர்ந்தார்.

தேர்வில் முந்தினால் போதும் என்பதும் எல்லாருக்கும் உண்மையாக இருக்கவில்லை. நாசிக்கிற் பிறந்த கார்னீலியா சொராப்ஜி புனாவின் தக்காணக் கல்லூரியில் சேர்ந்த முதற் பெண். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதற் பெண் பட்டதாரி. பட்டத் தேர்வில் கல்லூரியின் முதலிடம் அவருக்கே கிடைத்தது. அவ்விடத்தைப் பெற்றவர்க்கு இங்கிலாந்து சென்று பயில அரசாங்க உபகாரச் சம்பளம் கிடைப்பது வழக்கம். பெண் என்ற காரணத்தால் அது அவருக்கு மறுக்கப்பட்டது. இங்கிலாந்தில் அன்பர்கள் சிலர் பணம் திரட்டினார்கள். அந்த உதவியால் 1889-இல் ஆக்ஸ்போர்டுக்குப் போனார். 1892-இல் அங்கே சட்டத் தேர்வெழுதிய முதற் பெண் என்னும் சிறப்பைப் பெற்றார். அதற்குரிய பட்டத்தை ஆக்ஸ்போர்டு அவருக்கு அளித்ததோ 1922-இல்தான். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் லீவை பார்பர் என்பவர் ஆசியப் பெண்களுக்கென்றே ஓர் உபகாரச் சம்பளத்தை நிறுவினார். அது பிற்காலத்துச் செய்தி. சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்ற தலைச்சேரி ஜானகி அம்மாள் அந்த உதவியாற் சென்று, தாவர இயலில் 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

இனி டாக்காவுக்குப் போவோம். அங்கிருந்து சில காத தூரத்தில் சியோராதலி என்னும் சிற்றூரில் சிறுகடை வைத்திருந்த ஒருவரின் மகன் மேகநாத சாஹா, 1893-இற் பிறந்தவர். கடையில் உட்கார வேண்டிய பையனை மேலும் படிக்க வைக்கத் தந்தைக்கு வசதியும் இல்லை. விருப்பமும் அதிகம் இல்லை. பள்ளி இருந்த சிமுலியா கிராமத்தில் அனந்தகுமார தாஸ் என்னும் மருத்துவர் தம் வீட்டில் உணவும் இடமும் தந்தார். தம் எச்சிற்கலத்தைத் தாமே கழுவிக்கொள்ள வேண்டும், பசுவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பன அங்கே நிபந்தனைகள். சாதி வேற்றுமை அக்காலத்தில் அப்படி. நடுநிலைப் பள்ளித் தேர்வில் டாக்கா மாவட்டத்திலேயே முதல்வராகத் தேறி, மாதம் 4 ரூபாய் உபகாரச் சம்பளம் பெற்று, 1905-இல் டாக்கா அரசினர் பள்ளியிற் சேர்ந்தார்.

அந்த ஆண்டு வங்காளப் பிரிவினை ஆண்டு. கிழக்கு வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னர் பாம்பைல்டு புல்லர் பள்ளியைப் பார்வையிட வந்தபோது மாணவர்கள் எதிர்ப்புக் காட்டினார்கள். அவர்களில் சாஹாவும் ஒருவர். பள்ளியிலிருந்து விலக்கப்பட்டார், உபகாரச் சம்பளமும் பறிபோயிற்று. மாவட்டத்தின் முதல் மாணவனாக இருந்தும், ஆட்சியாளருக்குப் பணிந்து நடத்தல் என்னும் எழுதப்படாத நிபந்தனையை மீறியதற்கு அந்த 4 ரூபாய் விலையாயிற்று. 4 ரூபாய் சிறு தொகைதானே என்று நினைத்துவிடக் கூடாது. சணல் ஆலையில் மாதம் 20 ரூபாய்ச் சம்பளத்தில் இருந்த மூத்த அண்ணன் அதில் 5 ரூபாயை எடுத்துத் தம்பிக்கு அனுப்பினார். வைசிய சமிதி ஒன்று மாதம் 2 ரூபாய் கொடுத்தது. கிஷோரிலால் ஜூபிலி பள்ளி சம்பளம் வாங்காமற் சேர்த்துக்கொண்டது. இந்த ஏழு ரூபாயில் ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவன் உயிர்வாழ்ந்தான். 1909-இல் என்ட்ரன்ஸ் தேர்வில் கிழக்கு வங்காள மாணவர்களுள் முதலாவதாகத் தேறினார்.

கல்கத்தா மாநிலக் கல்லூரியில் அவருக்கு வாய்த்த ஆசிரியர்களுள் ஒருவர், முன்னே சொன்ன பிரபுல்ல சந்திர ராய். விடுதியிலோ உடன் உண்ண மறுத்த மாணவர்கள் இருந்தனர். 1919-இல் சாஹாவுக்குப் பிரேம்சந்த் ராய்சந்த் உபகாரச் சம்பளம் கிடைத்தது. அதன் துணையோடு ஐரோப்பா சென்று, இலண்டனில் பௌலரின் ஆய்வுக்கூடத்திலும் பெர்லினில் நெர்ன்ஸ்டின் ஆய்வுக்கூடத்திலும் இருந்து திரும்பினார். விண்மீன்களின் ஒளியைக் கொண்டு அவற்றின் வெப்பநிலையை அறிய உதவும் அவருடைய சமன்பாடு 1920-இல் வெளிவந்தது. இன்றும் வானியல் மாணவர்கள் அதனை 'சாஹா சமன்பாடு' என்றே படிக்கிறார்கள். அரை நூற்றாண்டுக்கு முன் பம்பாய்த் துறைமுகத்தில் ஏறிய பருத்தி மூட்டைகளை நினைத்துக்கொள்ளலாம். டாக்காவில் ஒரு கவர்னரின் சினத்தால் இழந்ததை, இறந்துபோன ஒரு வணிகரின் நிதி பன்மடங்காகத் திருப்பித் தந்தது. 1952-இல் இதே சாஹா கல்கத்தாவிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1956-இல் தில்லியிற் காலமானார்.

இராமாநுஜன் கதை நேயர்களுக்குப் பழகியது. ஆயினும் உபகாரச் சம்பளத்தின் கண்கொண்டு அதனைப் பார்ப்பவர் குறைவு. ஆகையால் அந்தப் பகுதியை மட்டும் சற்று விரிவாகச் சொல்லுகிறேன். கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் படித்து மெட்ரிகுலேஷன் தேறி, 1904-இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் எப்.ஏ. வகுப்பிற் சேர்ந்தார். சுப்பிரமணியம் உபகாரச் சம்பளம் கிடைத்தது. ஆங்கிலத்திலும் கணிதத்திலும் திறமை காட்டுவோர்க்கு வழக்கமாக அளிக்கப்படுவது அது. கணிதத்தில் மூழ்கிய இளைஞர் மற்றப் பாடங்களைத் தொடவில்லை. ஆங்கிலக் கட்டுரையில் தவறினார், மேல்வகுப்புக்கு ஏற்றப்படவில்லை, உபகாரச் சம்பளம் நின்றது. அன்னையார் கோமளத்தம்மாள் கல்லூரி முதல்வரை நேரிற் கண்டு முறையிட்டும் பயன் இல்லை. ஒரு பருவத்துக்குக் கல்லூரிக் கட்டணம் 32 ரூபாய். துணிக்கடையில் கணக்கு எழுதிய தந்தையாரின் மாதச் சம்பளம் சுமார் 20 ரூபாய். இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்தால் மற்றது தானே விளங்கும். 1905-இல் வீட்டாருக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்து, 1906-இலும் 1907-இலும் எப்.ஏ. தேர்வெழுதி, இரு முறையும் தவறினார்.

கல்லூரி முதல்வர்மீது குற்றம் சொல்வது எளிது. விதி விதிதான், தவறிய மாணவனுக்குப் பொருளைத் தொடர்ந்தால், அடுத்து நிற்கும் மாணவனுக்கு என்ன விடை சொல்வது? குறை விதியின் உள்ளேயே இருந்தது. எல்லாப் பாடங்களிலும் சமமாகத் தேறுபவனே அறிவாளி என்று அது கொண்டிருந்தது. அந்த அளவுகோலுக்குள் இராமாநுஜன் அடங்கவில்லை; அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' அவருடைய வாழ்வில் ஏழெட்டு ஆண்டுகளைத் தின்றுவிட்டது. முப்பத்திரண்டு வயதில் மறைந்த ஒருவருக்கு ஏழெட்டு ஆண்டு என்பது பெரிது.

1912 மார்ச்சு முதல் தேதி சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். 1913 பிப்ரவரியில் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் அங்கே வந்தபோது இராமாநுஜனின் குறிப்பேடுகளைக் கண்டு வியந்து, பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். இப்பொழுது பல்கலைக்கழகத்தின் முன் ஒரு சிக்கல். ஆய்வு உபகாரச் சம்பளம் பட்டம் பெற்றவர்க்கு உரியது, இவரோ எப்.ஏ.கூடத் தேறாதவர். ஆட்சிக்குழு விதியைத் தளர்த்த முடிவு செய்தது. 1913 மே முதல் தேதியிலிருந்து இரண்டு ஆண்டுக்கு மாதம் 75 ரூபாய். இதற்கு ஈடாக என்ன கேட்டார்கள்? மூன்று மாதத்துக்கு ஒரு முறை தம் ஆராய்ச்சியைப் பற்றி அறிக்கை ஒன்று எழுதித்தர வேண்டும். அவ்வளவே. வகுப்பு இல்லை, தேர்வு இல்லை, ஆங்கிலக் கட்டுரை இல்லை. அவர் எழுதித் தந்த மூன்று அறிக்கைகளும் பிற்காலத்துக் கணித அறிஞர்களுக்கு விருந்தாயின. 1914 மார்ச்சில் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறியபோது பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் அளித்தது. அதில் மாதம் 60 ரூபாய் கும்பகோணத்தில் உள்ள தம் குடும்பத்துக்குச் சேருமாறு ஏற்பாடு செய்துவிட்டுப் போனார்.

மீண்டும் பம்பாய்க்கு வருவோம். 1907-இல் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து ஒரு மாணவர் மெட்ரிகுலேஷன் தேறினார். பெற்ற மதிப்பெண் 750-க்கு 282. வரிசையில் முந்தி நிற்கும் எண் அன்று இது. ஆனால் மகார் வகுப்பைச் சேர்ந்த ஒரு மாணவர் அத்தேர்வில் தேறியதே அக்காலத்தில் அரிய நிகழ்ச்சி என்பதால் பாராட்டுக் கூட்டம் ஒன்று நடந்தது. மாணவரின் பெயர் பீமராவ் அம்பேத்கர். அவர் தேர்வில் எடுத்த மொழி பாரசீகம். சமஸ்கிருதம் படிக்க விரும்பியிருந்தும், அவருடைய சாதியைக் காரணமாகக் காட்டி அது அவருக்கு மறுக்கப்பட்டது. முன்னே நினைவில் வைத்திருக்கச் சொன்ன சங்கர்சேட் பரிசை இங்கே எண்ணிப் பாருங்கள். யாவரும் சமமாகப் போட்டியிடும் திறந்த களம் என்றே அது தோன்றும். களத்துக்குள் நுழையும் வழியோ சிலருக்குப் பள்ளிக்கூட வாயிலிலேயே அடைபட்டிருந்தது.

அக்கூட்டத்தில் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்னும் ஆசிரியர் தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றை மாணவருக்குப் பரிசளித்தார். பூங்காவில் உட்கார்ந்து படிக்கும் இந்தப் பையனை அவர் முன்பே கண்டு பழகியவர். மேலே படிக்கக் குடும்பத்துக்கு வகையில்லை என்று அறிந்ததும் பரோடா மன்னர் சாயாஜிராவிடம் எடுத்துச் சொல்லி மாதம் 25 ரூபாய் உபகாரச் சம்பளம் பெற்றுத் தந்தார். சாயாஜிராவைப் பற்றி ஒரு வார்த்தை: அவர் அரண்மனையிற் பிறந்தவர் அல்லர். நாசிக் பக்கத்து ஒரு கிராமத்துப் பையன். 1875-இல் பன்னிரண்டாவது வயதில் தத்தெடுக்கப்பட்ட பின்னரே எழுத்துக் கற்றார். தம் நாட்டில் கட்டாயத் தொடக்கக் கல்வியைக் கொண்டுவந்த மன்னர் இவர்.

1913-இல் பரோடா அரசு அம்பேத்கரை அமெரிக்காவுக்கு அனுப்ப முன்வந்தது. மாதம் பதினொன்றரைப் பவுன், மூன்று ஆண்டு. ஜூன் 4-ஆம் தேதி ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டார்: படிப்பு முடிந்ததும் பரோடா அரசில் பத்து ஆண்டு பணிபுரிய வேண்டும். இங்கே சம்பளம் என்னும் பாதி வெளிப்படையாகவே எழுத்தில் ஏறிவிட்டது. கொலம்பியாவிலும் பிறகு இலண்டனிலும் படித்தார். 1917-இல் உதவிக் காலம் முடிந்தது. படிப்பை இடையில் நிறுத்தி, ஒப்பந்தத்தை நிறைவேற்றத் திரும்பினார். அவருடைய மூட்டைகளை ஏற்றி வந்த கப்பல் போரில் மூழ்கடிக்கப்பட்டது. பரோடாவில் அரசாங்க உத்தியோகம் காத்திருந்தது. தங்குவதற்கு வீடு கிடைக்கவில்லை. பார்ஸி சத்திரம் ஒன்றில் வேற்றுப் பெயரில் தங்கினார். சில நாளில் உண்மை தெரிந்து, தடியேந்திய கூட்டம் ஒன்று வந்து அவரை வெளியேற்றியது. பொதுப் பூங்கா ஒன்றில் உட்கார்ந்திருந்து, இரவு ரயிலில் பம்பாய் போய்ச் சேர்ந்தார். கொலம்பியாவில் எம்.ஏ. பட்டம் பெற்றவர்; மன்னரே அனுப்பிப் படிக்க வைத்தவர்; பத்து ஆண்டு பணிபுரிய வேண்டிய ஊரில் பத்து நாளுக்கு மேல் ஒரு கூரை கிடைக்கவில்லை. மன்னர் பணம் கொடுக்க வல்லவராயிருந்தார். தம் நகரத்தில் ஓர் அறை வாங்கித்தர வல்லவராயிருக்கவில்லை. சில ஆண்டு கழித்து, தாம் சேமித்ததும் நண்பர் தந்ததும் கோலாப்பூர் சாஹு மகாராஜா உதவியதும் கொண்டு மீண்டும் இலண்டன் சென்று விட்ட படிப்பை முடித்தார்.

ஜம்ஷெட்ஜி டாட்டா 1892-இல் ஏற்படுத்திய நிதியையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. அது உபகாரமும் அன்று, சம்பளமும் அன்று, கடன். படித்துப் பொருளீட்டிய பின் திருப்பித் தர வேண்டும். திரும்பிய பணம் அடுத்த மாணவனுக்குப் போகும். திருவிதாங்கூரில் உழவூர் என்னும் கிராமத்திலிருந்து மைல் கணக்காக நடந்து பள்ளிக்குப் போன கே. ஆர். நாராயணன் டாட்டா உதவியோடுதான் 1940-களில் இலண்டனுக்குப் படிக்கச் சென்றார். 1997 முதல் 2002 வரை அவர் குடியரசுத் தலைவராக இருந்ததை நேயர்கள் அறிவார்கள்.

பெற்றவர்கள் பின்னர் என்ன செய்தார்கள் என்பதையும் பார்த்துவிடலாம். 1919 ஜனவரி 11-ஆம் தேதி இராமாநுஜன் இங்கிலாந்தில் நோயாளியாக இருந்தார். ஆண்டுக்கு 250 பவுன் தருவதாகச் சென்னைப் பல்கலைக்கழகம் எழுதியதற்கு அவர் விடையெழுதினார். அத்தொகை தம் தேவைக்கு மிகுதி. ஆண்டுக்கு 50 பவுன் பெற்றோருக்குச் சென்றால் போதும். தம் செலவு போக எஞ்சியதை ஏழைப் பிள்ளைகளுக்கும் அனாதைகளுக்கும் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் வேண்டுகோள். கட்டணம் கட்ட முடியாமல் ஒரு நாள் ஊரைவிட்டுப் போனவர் எழுதிய கடிதம் அது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவர் காலமானார்.

பிரபுல்ல சந்திர ராய் 1921-இல் அறுபது வயதை எட்டியபோது, அதற்கு மேல் தமக்கு வரவேண்டிய சம்பளம் முழுவதையும் கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்கே முன்கூட்டி எழுதிவைத்தார். இரசாயனத் துறை வளர்ச்சிக்கும் ஆராய்ச்சி மாணவர் உதவிக்கும் அது சென்றது. கில்கிறைஸ்ட் நிதி அவரிடம் இப்படி ஒன்றைக் கேட்டதே இல்லை.

அம்பேத்கர் வேறு வழியிற் சென்றார். 1942-இல் வைசிராயின் நிர்வாக சபையில் உறுப்பினராக இருந்தபோது, அக்டோபரில் வைசிராய் லின்லித்கோவிடம் நீண்ட விண்ணப்பம் ஒன்றைக் கொடுத்தார். காசி, அலிகார் பல்கலைக்கழகங்களுக்கு அரசாங்கம் ஆண்டுதோறும் பொருள் வழங்கி வந்தது. அதைச் சுட்டிக்காட்டி, பட்டியல் வகுப்பு மாணவரின் உயர்கல்விக்கும் அதுபோல் ஒதுக்க வேண்டும் என்று கேட்டார். ஆண்டுக்கு மூன்று இலட்சம் ரூபாய் என்று முடிவாயிற்று. மெட்ரிகுலேஷனுக்குப் பிந்திய படிப்புக்கான உபகாரச் சம்பளத் திட்டம் 1944-இல் நடைமுறைக்கு வந்தது. 1948-இல் பழங்குடி மாணவருக்கும் விரிந்தது. ஒரு வணிகரின் உயிலையோ ஒரு மன்னரின் மனத்தையோ நம்பியிராமல், அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்டத்தில் தனக்கென ஓர் இனத்தைப் பெற்ற திட்டம் அது. இன்றும் அது தொடர்கிறது. மத்திய அரசும் மாநிலங்களும் அதன் செலவைப் பகிர்ந்துகொள்கின்றன; பத்தாம் வகுப்பு முடித்த மாணவர் அதற்கு விண்ணப்பிக்கிறார். 282 மதிப்பெண்ணோடு அவர் வந்தாலும், எந்த இடத்திற் சேர்ந்திருக்கிறாய் என்று கேட்பார்களே தவிர, வரிசையில் எத்தனையாவது என்று கேட்பதில்லை.